தறி நின்ற பிறகு அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை!

இரைச்சலைக் காசு கொடுத்து வாங்கிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ‘நாய்ஸ் மியூசிக்’ என்று அதற்குப் பெயர். தமிழில் இரைச்சல் இசை என்று வைத்துக்கொள்வோம்.

ஜப்பானைச் சேர்ந்த மசாமி அகிதா இதில் பெரிய பெயர். 1979-லிருந்து ‘மெர்ஸ்போ’ என்ற பெயரில் நூற்றுக்கணக்கான ஆல்பங்கள் வெளியிட்டிருக்கிறார். 2000-ம் ஆண்டில் 50 சிடிக்கள் கொண்ட ஒரு பெட்டியாகவே அவருடைய இசை வெளியானது. அதில் பல்லவி, சரணம் தேடினால் கிடைக்காது. மெட்டும் கிடையாது. பழைய ரேடியோவில் ஸ்டேஷன் சிக்காதபோது ஒரு கரகரப்பு வருமே, அதை நூறு மடங்கு பெரிதாக்கி, மேலே இரும்புத் தகடுகளை உருட்டிவிட்டது போல இருக்கும். ஆனால், ரசிகர்கள் பலர் அதைத் தியானத்தோடு ஒப்பிடுகிறார்கள். முதல் சில நிமிடங்கள் எரிச்சலாக இருக்கும், அதைத் தாண்டிவிட்டால் மனம் அப்படியே அடங்கிவிடும் என்கிறார்கள்.

அலுவலகத்தில் ஒரு வீடியோவுக்காக இதைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தேன். டிஜிட்டல் டெஸ்க் வேலை என்பதால் நாளில் பாதி நேரம் காதில் ஹெட்போன்தான். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு மெர்ஸ்போவை ஓடவிட்டேன். இரண்டாவது நிமிடத்தில் எனக்கு டோக்கியோ ஞாபகத்துக்கு வரவில்லை. பள்ளிபாளையம் வந்தது. கூடவே அப்பாவும் வந்தார்.

நான்கு தறி ஓடிய வீடு

பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டையும் தறிப்பட்டறையையும் பிரித்தது ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் நான்கு விசைத்தறிகள். நூலைக் கொடுப்பவருக்குக் கூலிக்கு நெய்து தரும் தொழில். அப்பா தறி ஓட்டுவார். அம்மா தார் சுற்றுவார். ஒரு தறியில் நாடா நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடிபட்டு ஓடும். நான்கு தறிக்கு நான்கு நாடா. நான்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால், தனித்தனியாக அடித்துக்கொண்டிருக்கும் சத்தங்கள் மெல்ல மெல்ல நெருங்கி, ஒரு கணம் ஒன்றாக விழுந்து, மறுபடி விலகிப் போகும். சின்ன வயதில் பாயில் படுத்துக்கொண்டு அந்த ‘ஒன்றாக விழும்’ கணத்துக்காகக் காத்திருப்பேன். பெரும்பாலும் அது வருவதற்குள் தூங்கிவிடுவேன்.

பட்டறைக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை. கத்தினாலும் கேட்காது. இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டிக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரலைச் சுழற்றினால் தார் தீரப்போகிறது. வாயருகே கையைக் கொண்டுபோனால் சாப்பிட வா. இதற்கு மேல் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் முகத்துக்கு நேராக நின்று உதட்டை அகலமாக அசைத்துச் சொல்ல வேண்டும். அம்மாவும் அப்பாவும் இப்படிப் பேசித்தான் சண்டை போட்டார்கள், சமாதானமானார்கள். பக்கத்திலிருக்கும் எனக்கு ஒரு சொல்லும் கேட்காது.

எங்கள் தெருவில் குழந்தைகள் அழுது எழும் நேரம் ஒன்று உண்டு. கரன்ட் போகும் நேரம். தெரு முழுக்கத் தறிகள் நின்றவுடன், அதுவரை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் வீல் என்று கத்தும். கரன்ட் வந்து, தறி ஓடத் தொடங்கியதும் தானாகத் தூங்கிவிடும்.

மோகனூரின் அமைதி

மூன்று வருடங்களுக்கு முன்பு அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அம்மாவால் தனியாகத் தறி ஓட்ட முடியாது. நானோ சென்னையில். நான்கு தறிகளும் பழைய இரும்பு விலைக்கு, எடை போட்டு வாங்கப்பட்டன. வாடகைப் பட்டறையைக் காலி செய்துவிட்டு, அம்மா தான் பிறந்த ஊரான மோகனூருக்கே வந்துவிட்டார். அங்கே அம்முச்சி இருக்கிறார்.

மோகனூரைத் தெரியாதவர்கள், நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை பிறந்த ஊர் என்றால் புரிந்துகொள்வார்கள். காவிரிக் கரை. ஊரைச் சுற்றி வாழையும் கரும்பும். கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கள் பகலில் தடதடக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தெரு அடங்கிவிடும். எப்போதாவது கரூர் பக்கம் போகும் ரயில் காவிரிப் பாலத்தில் ஏறும் சத்தம் வரும். அவ்வளவுதான். ஓய்வெடுக்க இதைவிட நல்ல ஊர் கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அம்மாவுக்குத் தூக்கமே வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அம்முச்சி திட்டுவார். மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். இரண்டு நாள் தூங்குவார், மூன்றாவது நாள் மறுபடி திண்ணை. ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என்னம்மா யோசனை?”

“யோசனையெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. சத்தமில்லாட்டி மனசு பேசிக்கிட்டே இருக்குது. தறி ஓடுறப்ப அது பேசுனாலும் கேக்காது.”

இரைச்சல் இசையைப் பற்றி நான் எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிப் படித்ததில்லை.

காது தூங்குவதில்லை

நாம் தூங்கினாலும் காது வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. நம்மை எழுப்புவது பெரும்பாலும் சத்தத்தின் அளவு அல்ல, அதில் வரும் திடீர் மாற்றம். அமைதியான அறையில் ஒரு நாய் குரைத்தால் அது இடி மாதிரி விழும். ஃபேன் ஓடும் அறையில் அதே குரைப்பு பாதிதான் கேட்கும். சீரான இரைச்சல் ஒரு போர்வை மாதிரி மற்ற சத்தங்களின் மேல் விழுந்து மூடிவிடுகிறது. ஏ.சி ஓடினால்தான் தூக்கம் வரும் என்கிறவர்களில் பலருக்குக் குளிரோடு அந்தச் சத்தமும் தேவைப்படுகிறது.

இன்றைக்கு போனில் ‘வொயிட் நாய்ஸ்’, ‘பிங்க் நாய்ஸ்’, ‘பிரவுன் நாய்ஸ்’ என்று விதவிதமாகக் கிடைக்கின்றன. கேட்கும் எல்லா அதிர்வெண்களும் சம பலத்தில் இருந்தால் வொயிட். வெள்ளை ஒளியில் எல்லா நிறமும் இருப்பதுபோல என்பதால் அந்தப் பெயர். கீச்சென்ற மேல் ஒலிகளைக் கொஞ்சம் குறைத்தால் பிங்க். இன்னும் குறைத்து, தூரத்து அருவி மாதிரி கனமாக்கினால் பிரவுன். இந்த பிரவுன் நிறத்தின் பெயரே அல்ல. 1827-ல் மகரந்தத்திலிருந்து வெளிவந்து தண்ணீரில் மிதந்த நுண்துகள்களின் தாறுமாறான ஆட்டத்தை மைக்ரோஸ்கோப்பில் கவனித்த தாவரவியலாளர் ராபர்ட் பிரவுனின் பெயர். இவையெல்லாம் எல்லோருக்கும் தூக்கம் தரும் என்று ஆய்வுகள் உறுதியாகச் சொல்லவில்லை. சிலருக்கு உதவுகிறது, சிலருக்குத் தொந்தரவாகிறது.

அம்மாவின் போனில் பிரவுன் நாய்ஸ் போட்டுக் கொடுத்தேன். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, “குழாயை மூடாம உட்டாப்புல இருக்குது” என்று நிறுத்திவிட்டார்.

ஆக, ஏதோ ஓர் இரைச்சல் போதாது. அவருக்கு அந்த இரைச்சல்தான் வேண்டும். இது ஏன் என்று யோசித்தபோதுதான் நான் எதிர்முழக்கத்துக்கு வந்து சேர்ந்தேன்.

கூரைக்கும் ஒரு குரல் உண்டு

பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். ஒலி மோதித் திரும்பித் தனியாகக் கேட்டால் எதிரொலி. அதற்கு மோதும் சுவர் குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதற்குள் இருந்தால், திரும்பி வரும் ஒலிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, மூல ஒலியோடு கலந்து, ஒரு வால் மாதிரி நீளும். அதுதான் எதிர்முழக்கம். காலி வீட்டில் பேசும்போது குரல் வேறு மாதிரி இருப்பதும், பாத்ரூமில் பாடினால் நாமே நல்ல பாடகராகத் தெரிவதும் இதனால்தான்.

இதைக் கணக்கில் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த வாலஸ் சபின். 1895-ல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் சொன்னால் அது அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆனது. அதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் வந்து மோதின. சபின் ஓர் ஆர்கன் குழாயையும் ஸ்டாப்வாட்ச்சையும் எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு நேரம் குறைகிறது என்று அளந்தார். அறை பெரிதானால் முழக்கம் நீளும். துணி, மெத்தை, மனிதர்கள் அதிகமானால் குறையும். 1900-ல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி ஹால் இந்தக் கணக்கை வைத்துக் கட்டப்பட்டதுதான்.

பேச்சுக்கு எதிரியான அதே முழக்கம் மனதுக்கு நண்பனாகவும் இருக்கும் என்று காட்டியவர் இசைக் கலைஞர் பாலின் ஒலிவெரோஸ். 1988-ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பழைய கோட்டையின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள் நண்பர்களோடு இறங்கினார். காலியான அந்தத் தொட்டியில் ஒரு சத்தம் அடங்க 45 விநாடிகள் ஆகும். அக்கார்டியனில் ஒரு சுரம் வாசித்தால், முக்கால் நிமிடம் அது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்ததை அவசரப்பட்டு வாசிக்க முடியாது. காத்திருந்து, கேட்டு, ஏற்கெனவே இருக்கும் ஒலியோடு சேரும்படி வாசிக்க வேண்டும். அதிலிருந்துதான் ‘டீப் லிஸனிங்’, அதாவது ஆழ்ந்து கேட்டல் என்ற பயிற்சியை அவர் வளர்த்தெடுத்தார்.

நம் ஊரில் இதற்குத் தொட்டிக்குள் இறங்க வேண்டியதில்லை. கருங்கல் கோயிலின் மண்டபத்தில் மணி அடித்து முடிந்த பின் நின்று பாருங்கள். கல் ஒலியை உறிஞ்சுவதில்லை. திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். மணியின் நாக்கு நின்ற பிறகும் ரீங்காரம் நிற்காது. அது எப்போது முடிந்தது என்று சரியாகச் சொல்லவும் முடியாது. அதைப் பின்தொடர்ந்து போகும் காது, கொஞ்ச நேரத்துக்கு வேறெதையும் யோசிக்க விடாது.

மோகனூரில் அசலதீபேஸ்வரர் கோயில் இருக்கிறது. அசலம் என்றால் அசையாதது. கருவறை விளக்கின் சுடர் ஆடாமல் நின்று எரிவதால் இறைவனுக்கு இந்தப் பெயர் என்பார்கள். தீபாராதனை நேரத்தில் மணியும் முரசும் சேர்ந்து முழங்கும்போது கோயில்களில் பக்கத்திலிருப்பவர் பேசுவதுகூடக் கேட்பதில்லை. சுற்றிலும் அவ்வளவு ஆரவாரம், நடுவில் அசையாத ஒரு சுடர். அம்மா தறிப்பட்டறையில் இருந்த விதத்துக்கு இதைவிடச் சரியான படம் எனக்குக் கிடைக்கவில்லை.

சத்தத்துக்குள் அழுவது

அப்பா இறந்தபோது அம்மா அழவில்லை. வந்தவர்களுக்குக் காபி போட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு எத்தனை இலை என்று கணக்குப் பார்த்தார். எல்லோரும் தைரியசாலி என்றார்கள். எனக்குப் பயமாக இருந்தது.

மோகனூர் காவிரிக் கரையில் நாவலடியான் கோயில் உண்டு. கருப்பணசாமி. கொங்குப் பகுதியில் நிறைய குடும்பங்களுக்குக் குலதெய்வம். மனதில் உள்ள குறையைச் சீட்டில் எழுதிக் கட்டிவிட்டு வருவது இங்கே வழக்கம். மோகனூருக்கு வந்த அடுத்த வருடம், உறவினர் வீட்டுப் பூஜைக்காக நாங்கள் போயிருந்தோம். பம்பையும் உடுக்கையும் அடிக்கத் தொடங்கினார்கள். முதலில் மெதுவாக. பிறகு வேகம் ஏறி, அடிகளுக்கு நடுவில் இடைவெளியே இல்லாமல், நெஞ்சுக்கூடு அதிரும்படி. அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். திடீரென்று வாய் திறந்தது. கதறுகிறார் என்று தெரிந்தது. ஆனால், சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஒரு கை தூரத்தில் நின்றிருந்தேன். பம்பை நிற்கும்வரை அழுதார். நின்றதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பிரசாதம் வாங்கிட்டு வா” என்றார்.

அழுவதற்கு அவருக்கு ஒரு மறைப்பு தேவைப்பட்டிருக்கிறது. ஊர் அமைதியில் அது கிடைக்கவில்லை.

இந்த வாசல் கொங்கு மண்ணுக்குப் பழையது. உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடும் அண்ணன்மார் கதை, பொன்னர்-சங்கர் கதை, இங்கே எல்லோருக்கும் தெரியும். 1965-ல் பிரெண்டா பெக் என்ற கனடா ஆய்வாளர் காங்கேயம் பக்கம் தங்கி, அதை முழுவதுமாக ஒலிப்பதிவு செய்தார். மணப்பாறை அருகே வீரப்பூரில் ‘படுகளம்’ நடக்கும்போது, அண்ணன்மார் போர்க்களத்தில் விழும் கட்டத்தில், அருள் வந்தவர்கள் இறந்தவர்களைப் போலத் தரையில் சாய்வார்கள். பிறகு தீர்த்தம் தெளித்து அவர்களை எழுப்புவார்கள். சாவைத் தாண்டி எழுந்து வருவதற்கு அந்த மேளச் சத்தம் ஒரு பாலம் மாதிரி.

அப்படியானால் மேளம் அடித்தால் யாருக்கும் அருள் வந்துவிடுமா? பிரெஞ்சு இசை ஆய்வாளர் ஜில்பேர் ரூஷே உலகெங்கும் உள்ள இத்தகைய சடங்குகளை ஒப்பிட்டு 1980-ல் ஒரு பெரிய நூலே எழுதினார். இசைக்கோ மேளத்துக்கோ தனியாக அப்படியொரு மாயச் சக்தி இல்லை; கேட்பவரின் நம்பிக்கையும் பழக்கமும், அந்தச் சத்தம் அவருக்கு என்ன அர்த்தம் தருகிறது என்பதும் சேர்ந்தால்தான் அது நடக்கும் என்பது அவருடைய முடிவு. அதே பம்பை முழங்கும்போது பக்கத்தில் ஒருவர் நிம்மதியாக போன் பார்த்துக்கொண்டிருந்ததை நானும் கண்டேன்.

பிரவுன் நாய்ஸ் ஏன் அம்மாவுக்குத் திறந்த குழாயாகத் தெரிந்தது என்பது இப்போது புரிகிறது. அந்தச் சத்தத்தில் அவருக்கென்று யாரும் இல்லை.

காது கொடுக்கும் விலை

இதைப் படித்துவிட்டு, சத்தம் நல்லது என்று யாரும் ஸ்பீக்கரை ஏற்றிவிடாதீர்கள். தறி எங்களுக்குத் தூக்கத்தைக் கொடுத்தது. அதற்கு விலையாகக் காதை எடுத்துக்கொண்டது.

85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, 94 என்றால் 1. தறிப்பட்டறைகளில் சத்தம் 90-ஐச் சாதாரணமாகத் தாண்டும். அப்பா அதில் 12 மணி நேரம் நின்றார், முப்பது வருடம்.

காதுக்குள் ஒலியை உணரும் நுண்ணிய முடி செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. அவை செத்தால் மறுபடி முளைக்காது. முதலில் போவது கீச்சுக் குரல்கள். குருவிச் சத்தம் போகும், குக்கர் விசில் மங்கும். பிறகு பேச்சில் ‘ச’, ‘ஸ’ மாதிரி எழுத்துகள் கரையும். சொல் கேட்கும், என்ன சொல் என்று புரியாது. கடைசி வருடங்களில் அப்பா போனில் என்னிடம் அதிகம் பேச மாட்டார். “அம்மாட்ட குடுக்கறேன் பாப்பா” என்பார். கோபக்காரர் என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். அவருக்குக் கேட்கவில்லை.

அம்மாவுக்குப் போன வருடம் நாமக்கல்லில் காது பரிசோதனை செய்தோம். வரைபடத்தில் கோடு வலது பக்கம் சரிந்து இறங்கியது. இப்போது பகலில் கருவி மாட்டிக்கொள்கிறார். மாட்டிய முதல் நாள், “இந்த ஊரு சத்தமில்லாத ஊருன்னு நெனச்சேன், எத்தனை குருவி இருக்குது!” என்றார்.

2000-ம் ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. என் தேடலுக்கு இந்த எண்ணையே எல்லையாக வைத்துக்கொண்டேன். அம்மாவுக்குத் தறி வேண்டும். ஆனால், காதுக்கு வலிக்காத தறி.

14 விநாடி வீடியோ

என் பழைய போனில் 2018-ல் எடுத்த ஒரு வீடியோ இருந்தது. 14 விநாடி. பட்டறைக்குள் அப்பா தறி மேல் குனிந்து நிற்கிறார். நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். ஏதோ சொல்கிறார். சிரிக்கிறார். முடிந்தது. தறிச் சத்தத்தில் அவர் குரல் ஒரு துளிகூடக் கேட்கவில்லை.

வேலையில் கற்றுக்கொண்ட வித்தையெல்லாம் காட்டினேன். இரைச்சலை நீக்கும் மென்பொருளில் போட்டேன். தறியின் ஒலியும் மனிதக் குரலும் ஒரே அதிர்வெண்களில் கலந்து கிடந்தன. தறியைக் குறைக்கக் குறைக்க அப்பாவும் குறைந்தார். கடைசியில் தண்ணீருக்கடியில் யாரோ முனகுவது போல ஒன்று மிஞ்சியது.

அமெரிக்க இசைக் கலைஞர் ஆல்வின் லூசியர் 1969-ல் செய்த ஒரு சோதனை அப்போது நினைவுக்கு வந்தது. ஓர் அறையில் உட்கார்ந்து சில வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்தார். அதை அதே அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிவு செய்தார். மறுபடி, மறுபடி. ஒவ்வொரு முறையும் அறையின் முழக்கம் கூடிக்கொண்டே போய், சொற்கள் கரைந்து, கடைசியில் அறை மட்டும் மணி போலப் பாடிக்கொண்டிருந்தது. அவருக்குத் திக்குவாய் உண்டு. அந்தத் திக்கலும் அதில் கரைந்துபோனது. ஒரு மனிதர் தன் அறைக்குள் கரைந்து அறையாகவே ஆகிவிடுகிறார். அப்பாவும் அந்தப் பட்டறைக்குள் அப்படித்தான் கலந்திருக்கிறார் என்று தோன்றியது.

ஊருக்குப் போனபோது வீடியோவை அம்மாவிடம் காட்டினேன்.

“அப்பா என்ன சொல்றாருன்னே தெரியலம்மா. எவ்வளவோ பண்ணிப் பாத்துட்டேன்.”

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு முறை பார்த்தார். உதட்டைப் படித்துப் பழகிய கண்.

“‘கிட்ட வராத பாப்பா, நாடா தெறிச்சுரும்’ங்கறாரு. வேற என்னத்தச் சொல்லுவாரு?”

எட்டு வருடமாக என்னிடம் இருந்த சொற்கள் அவை.

“இது நம்ம பட்டறை இல்ல”

அந்த வீடியோவின் தறிச் சத்தத்தை மட்டும் வெட்டி, சுழன்று சுழன்று வரும்படி ஒட்டி, கேட்க இதமாக இருக்கட்டும் என்று கொஞ்சம் எதிர்முழக்கம் சேர்த்து, ஒரு மணி நேர ஆடியோவாக்கி அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

“இது மண்டபத்துல ஓடற தறி. நம்ம பட்டறை இல்ல” என்றார். சிமென்ட் அட்டைக் கூரையின் கீழே, நூல் மூட்டைகளுக்கும் துணிக்கும் நடுவில் சத்தம் எப்படித் திரும்பி வரும் என்று அவர் உடம்புக்குத் தெரியும். முழக்கத்தை எடுத்துவிட்டுப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் அடுத்த குறை. “சொன்னதையே சொல்லுது கண்ணு. தறி இப்படியா ஓடும்?” அதுவும் சரிதான். ஒன்பது விநாடியைத் திரும்பத் திரும்ப ஒட்டினால், நாடாக்கள் நெருங்குவதும் விலகுவதும் எங்கிருந்து வரும்?

பள்ளிபாளையத்தில் பெரியப்பா இன்னும் தறி ஓட்டுகிறார். எங்கள் பட்டறை மாதிரியேதான், அதே அட்டைக் கூரை, நான்கு தறி. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் முழுதாகப் பதிவு செய்து வந்தேன். அந்தத் தெருவில் முன்பு வீட்டுக்கு வீடு சத்தம் கேட்கும். இப்போது பாதிக் கதவுகள் பூட்டிக் கிடக்கின்றன.

மோகனூரில், அம்மாவின் கட்டிலை ஒட்டி ஒரு மரப்பெட்டி வைத்து, அதன் மேல் சின்ன ஸ்பீக்கரை வைத்தேன். சத்தம் மெல்லியதாகத்தான். ராத்திரி காதுக் கருவியைக் கழற்றிவிடுவார் என்பதால் அவருக்கு அது சரியாகக் கேட்காது. ஆனால், மரத்தின் வழியாகக் கட்டிலுக்கு ஒரு லேசான அதிர்வு போகிறது. “தரை அதிர்ற மாதிரி இருக்குது” என்று கையைக் கட்டில் சட்டத்தில் வைத்துக்கொண்டு படுத்தார். “பள்ளிபாளையத்தையே தூக்கிட்டு வந்துட்டீங்களாக்கும்” என்று உள்ளறையிலிருந்து அம்முச்சி முணுமுணுத்தார்.

அன்றைக்கு அம்மா நான்கு மணி நேரம் தூங்கினார். இப்போதெல்லாம் பெரும்பாலான நாட்களில் தூங்குகிறார். தூங்காத நாட்களும் இருக்கின்றன.

ஒரே ஒரு திருத்தம் கேட்டார். பதிவின் முடிவில் பெரியப்பா தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்துவார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதும் நின்றதும், கூரைக்குள் அந்தச் சத்தம் ஒரு விநாடிகூட இருக்காது, தங்கிவிட்டு அடங்கும்.

“அது வரப்ப முழிப்பு வந்துருது கண்ணு. அதை மட்டும் வெட்டிரு.”

வெட்டிக் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு விநாடியைத் தனியாக என் போனில் வைத்திருக்கிறேன்.